5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர்

போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குள் வீல்சேரில்தான் போனேன். மேடைக்கு மூன்று படி, சாய்தளம் கிடையாது. வண்டியைப் படி ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, எழுந்து, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று படியும் ஏறினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

"அட, நல்லாத்தானே நடக்குது இந்தப் பொண்ணு! அப்புறம் எதுக்கு அந்த வண்டி?"

போட்டோ எடுக்கும் வரை சிரித்த முகமாக நின்றுவிட்டு இறங்கி வந்தேன். அவர்மேல் கோபமில்லை. எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி பல வருஷம் ஓடியிருக்கிறது. எனக்கே அதற்குச் சரியான பதில் கிடைத்தபோது வயது 27. அன்றைக்குப் பந்திக்கு நேரமாகிவிட்டது, அதனால் சொல்லவில்லை. இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஸ்பைனா பைஃபிடா. பிறக்கும்போதே முதுகின் கீழ்ப்பகுதியில் எலும்பு மூடாமல், தண்டுவடம் ஒரு பை மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் "முதுகுல கட்டியோட பொறந்த பிள்ளை" என்பார்கள். 1988, விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். பிறந்த மூன்றாம் நாள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஆபரேஷன். இரண்டாம் மாதம் தலையில் நீர் சேர்ந்தது. அதை வயிற்றுக்கு இறக்கிவிட ஒரு ட்யூப் வைத்தார்கள். ஷன்ட் என்பது அதுதான். இன்றும் காதுக்குப் பின்னால் தடவினால் கையில் தட்டுப்படும்.

பழி முழுக்க அம்மாமேல் விழுந்தது. கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாளாம், அரிவாள்மனையில் காய் நறுக்கினாளாம். கரு உருவான 28 நாளுக்குள் மூட வேண்டிய ஒரு குழாய் மூடாமல் போவதுதான் இந்தக் குறை. அந்த 28 நாளில் பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இதைப் பெருமளவு தடுக்கலாம் என்று உறுதி செய்த பிரிட்டிஷ் ஆய்வு 1991இல் வந்தது. அப்போது எனக்கு மூன்று வயது. அம்மா எந்த மாத்திரையைத் தவறவிட்டிருக்க முடியும்? இன்று கதை வேறு. பிள்ளை பெற நினைக்கும் எந்தப் பெண்ணும் தினம் 400 மைக்ரோகிராம் முன்கூட்டியே தொடங்கலாம். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த வீடாக இருந்தால் அதைப்போல 10 மடங்கு, அதாவது 4 மில்லிகிராம், டாக்டர் எழுதிக் கொடுப்பார். கிரகணத்தை விட்டுவிடுங்கள்.

கட்டியும் ட்யூபும் ஒருபுறம் இருக்க, வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்று. "பிள்ளை நடக்குமா?"

மதுரையில் என்னைப் பார்த்த எலும்பு டாக்டர் பேசாமல் என்னைக் குப்புறப் போட்டு, மல்லாக்கப் போட்டு, தொடையில் சுண்டிச் சுண்டிப் பார்த்தாராம். "முழங்காலை நீட்டுறா. பார்க்கலாம்" என்றாராம். அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை. பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அவர் சொன்னதைவிட நல்ல பதில் அந்த வயதில் கிடையாது.

தண்டுவடம் எந்த இடத்தில் பாதிக்கப்பட்டதோ அதற்குக் கீழே போகும் நரம்புகள் வலுவிழக்கும். மார்பு மட்டத்தில் பாதிப்பென்றால் கால் முழுக்கவே அசையாது. அந்தக் குழந்தைகளும் இடுப்பிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பர் போட்டுக்கொண்டு சில வருஷம் நடப்பதுண்டு, ஆனால் வளர்ந்தபின் பெரும்பாலோர் வீல்சேருக்கு வந்துவிடுவார்கள். இடுப்புப் பகுதியில் எல்-3, எல்-4 என்று எண் போட்டிருக்கும் நரம்புகள் வேலை செய்தால் தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நீட்டும், உடம்பின் பாரத்தைத் தாங்கும். நடையின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த ஒரு தசையில்தான் இருக்கிறது. எல்-5இல் இடுப்பைப் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் தசை. அதற்கும் கீழே போனால் கெண்டைக்கால்.

என் கணக்கு எல்-4. முழங்கால் நீளும், பாதம் கொஞ்சம் மேலே தூக்கும். கெண்டைக்கால் பூஜ்யம், இடுப்பை நிறுத்தும் தசை அரைகுறை. அதனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அந்தப் பக்கமாகச் சாயும். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் வாத்து. அந்தப் பெயரை வைத்தவன் இப்போது பிசியோதெரபிஸ்ட் என்று கேள்வி. இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். இந்த எண் இரண்டு காலுக்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எனக்கு வலது பாதம் உள்பக்கம் வளைந்த வளைபாதம், இடது பாதம் அதற்கு நேர் எதிராக மேல்நோக்கி இழுத்துக்கொண்டது. ஸ்கேனில் தெரியும் இடமும் கால் செய்யும் வேலையும் ஒத்துப்போகாமலும் இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழுத பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். தசை தசையாகச் சோதித்துப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுத் தருவார்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வலது காலுக்கு வாராவாரம் மாவுக்கட்டு. அவிழ்ப்பது, கொஞ்சம் திருப்பி மறுபடி கட்டுவது. மற்றக் குழந்தைகள் கட்டுக்குள் உறுத்தினால் அழும். எங்களுக்குக் காலில் உணர்ச்சி இல்லாததால் நாங்கள் அழமாட்டோம். மூன்றாவது கட்டை அவிழ்த்தபோது கணுக்காலில் காசு அளவுக்குப் புண். அம்மா தன் தாவணித் துணியை அடியில் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டாளாம். மருத்துவப் பஞ்சைக் கூடுதலாக வைத்துக் கட்டினார்கள். கட்டு நீண்ட நாள் இருந்தால் எலும்பும் மெலியும். அவிழ்த்த சில வாரத்தில் கால் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் கிருமி என்று மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வலியே இல்லாமல் எலும்பு முறிந்திருக்கும். எனக்கு ஐந்து வயதில் அப்படித்தான் இருந்தது, தெரியவந்தது பத்து நாள் கழித்து.

நான்கு வயது முடியும்போது, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் கேலிப்பர் போட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்து நடந்தேன். கட்டிலில் இருந்து கதவு வரை. அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம்.

அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு, பிள்ளை நடந்தால் வெள்ளியில் கால் உருவம் வாங்கிப் போடுவதாக. ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போய் எனக்குப் பத்து வயதான சித்திரையில்தான் போனோம். கோயிலுக்குள் செருப்பு கூடாது, கேலிப்பர் ஷூவும் செருப்புதானே என்று கழற்றி வைத்தாயிற்று. உச்சி வேளை. அப்பா ஒரு கை, மாமா ஒரு கை. "தானா நடந்து வந்து போடணும்" என்று அம்மா வேண்டியிருந்ததால் தூக்கவில்லை. எல்லோரும் தளத்தில் குதித்துக் குதித்து ஓடினார்கள், நான் மட்டும் நிதானமாக நடந்தேன். "என் பிள்ளை எவ்வளவு பொறுமையா நடக்குது பாருங்க" என்று அம்மா கண் கலங்கினாள். வெள்ளிக் காலை உண்டியலில் போட்டாள்.

ராத்திரி வீட்டில் சாக்ஸ் மாட்டிவிடும்போதுதான் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் தோல் முழுசாக எழும்பி நீர் கோத்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆற ஏழு வாரம். அந்த வருஷம் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன்.

அம்மா அதன்பின் கோயிலுக்கு வராமல் இல்லை. ஆனால் எந்தக் கோயில் என்றாலும் வாசலில் நின்று, குனிந்து, புறங்கையை ஐந்து எண்ணும் வரை தரையில் வைத்துப் பார்ப்பாள். தாங்கவில்லை என்றால் நான் வெளியே. இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற பைக் சீட், சைலன்சர், மடியில் வைத்த லேப்டாப், வெந்நீர் வாளி, குளிர் நாளில் ஒத்தடப் பை, எல்லாமே எங்களைச் சத்தமில்லாமல் சுடும் சாமான்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட வேண்டும். எட்டு வயதிலிருந்து குழந்தையே பார்க்கப் பழகிக்கொள்ளலாம்.

பதின்மூன்று வயதில் ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்தேன். அந்த வருஷம்தான் நடை மாறியது. இடது கால் அடிக்கடி தட்டியது. முதுகு வலித்தது. அதுவரை கட்டுக்குள் இருந்த சிறுநீர் மறுபடி ஒழுகத் தொடங்கியது. ஓர் இடத்தில் காட்டியபோது "வயசுக்கு வர்ற நேரம், உடம்பு வெயிட் போடுது, நடையைக் கூட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கூட்டினோம். காலையில் அப்பாவோடு கண்மாய்க் கரை வரை. எட்டு மாதம். அதற்குள் இடது முழங்காலின் பலம் பாதியாகிவிட்டது.

பிறந்தபோது செய்த ஆபரேஷனின் தழும்பில் தண்டுவடம் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வளர வளர, கட்டிப்போட்ட கயிறு மாதிரி அது இழுபடும். ஒட்டியிருப்பது ஸ்கேனில் எங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். அதனால் ஸ்கேனை வைத்து மட்டும் ஆபரேஷன் முடிவு செய்வதில்லை. புதிதாக வந்த மாற்றம்தான் சாட்சி. நடையில் மாற்றம், முதுகுவலி, சிறுநீர் மலப் பழக்கத்தில் மாற்றம், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, பாதம் புதிதாகக் கோணுவது. இதில் ஏதாவது வந்தால் வயதைக் காரணம் காட்டி விடாதீர்கள். முதலில் தலையில் உள்ள ஷன்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் அது அடைத்தாலும் இதே கூத்து நடக்கும். அப்புறம்தான் முதுகு.

எனக்கு ஆபரேஷன் செய்து அந்த ஒட்டுதலை விடுவித்தார்கள். வலி போனது, சரிவு நின்றது. போன பலம் முழுசாகத் திரும்பி வரவில்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். அப்போது எங்களிடம் ஆதாரம் இல்லை. "முன்னாடி இப்படி நடக்கமாட்டா" என்று அம்மா சொன்னதை யார் நம்பினார்கள்? இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறந்தநாள் ஒன்று, அரையாண்டு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதே வராந்தாவில், அரை டவுசரில், முன்னால் இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் பத்து அடி நடப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். அம்மா சொன்னால் கேட்காத டாக்டர் வீடியோவைப் பார்ப்பார்.

அதன்பின் முழங்கைத் தடி இரண்டு சேர்ந்துகொண்டது. அதோடு கல்லூரி, அதோடு சென்னை, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மின்சார ரயிலில் இறங்கி அலுவலகம் வரை அரைக் கிலோமீட்டர். தடியோடு எனக்கு 25 நிமிஷம். உள்ளே போய் உட்காரும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். பேலன்ஸ் ஷீட் பார்ப்பதற்குள் பாதி உயிர் போயிருக்கும். சாயங்காலம் அதே தூரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம். யாராவது சினிமாவுக்குக் கூப்பிட்டால் ஏதாவது பொய் சொல்வேன். ஆனால் நடந்தேன், பெருமையாக. நடக்கிறவள் என்பதுதான் என் அடையாளம். வீல்சேரில் இருப்பவர்களைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கெண்டைக்கால் இல்லாத காலில் பாரமெல்லாம் குதிகாலில்தான் இறங்கும். 26 வயதில் இடது குதிகாலில் கால் ஆணி வந்தது. ஆணிக்கு அடியில் புண். நான் கார்ன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ரயிலேறினேன். எங்களைப் போன்றவர்கள் செய்யவே கூடாத காரியம் அது, அந்தப் பிளாஸ்டரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். இரண்டு மாதத்தில் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. மருந்து, ஆபரேஷன், மறுபடி மருந்து. புண்ணுக்கு ஆயிரம் களிம்பு உண்டு, ஆனால் பாரத்தை எடுக்காமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. ஏழு மாதம் இடது கால் தரையில் படக்கூடாது என்றார்கள்.

அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம்தான் தந்தார்கள். வேறு வழியில்லாமல் வீல்சேரில் வேலைக்குப் போனேன்.

முதல் வாரம் அழுகை. இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். எனக்குக் களைப்பே இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையெல்லாம் முடிந்து சக்தி மிச்சமிருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பாண்டி பஜாருக்குப் போய் ஒன்றும் வாங்காமல் ஒன்றரை மணி நேரம் சுற்றினேன்.

புண் ஆறியதும், இனி வீல்சேரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் மறுவாழ்வு மருத்துவ டாக்டரிடம் போனேன். அவர் ஒரு தாளில் 5, 50, 500 என்று மூன்று எண் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்படிப் போவேன் என்று எழுதச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 2004இல் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக உருவாக்கிய அளவுகோலாம் அது, எங்களுக்கும் பொருந்தும். 5 மீட்டர் என்றால் வீட்டுக்குள். 50 என்றால் வகுப்பறை, அலுவலகம் மாதிரி. 500 என்றால் கடைத்தெரு.

அதற்கு முன் எனக்குத் தெரிந்தது ஹோஃபர் என்ற அமெரிக்க டாக்டரும் மற்றவர்களும் 1973இல் போட்ட நான்கு பெட்டிகள்தான். ஊருக்குள் நடப்பவர், வீட்டுக்குள் நடப்பவர், பயிற்சிக்கு மட்டும் நடப்பவர், நடக்காதவர். நான் எந்தப் பெட்டி என்று வருஷாவருஷம் ஃபைலில் எழுதுவார்கள், பெட்டி இறங்கினால் வீட்டில் துக்கம். இந்த மூன்று எண்ணில் இறக்கம் ஏற்றம் என்று எதுவும் இல்லை. 5 மீட்டருக்குக் கேலிப்பரோடு சுவரைப் பிடித்து நடப்பேன். 50க்குத் தடி. 500க்கு வீல்சேர். எழுதி முடித்ததும் டாக்டர் கேட்டார், "இதுல எந்த வரியை மாத்தணும்?" எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஊருக்குப் போய் இறங்கியதும் வண்டியைப் பார்த்தாள். காபி கொடுத்தாள். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"வெள்ளிக் கால் வாங்கிப் போட்டேனே, அது எதுக்கு?"

நான் ஏதேதோ சொன்னேன். பிரிட்டனில் டானி கிரே-தாம்சன் என்று ஒருத்தர் இருக்கிறார், எனக்கு உள்ள அதே குறை, சின்ன வயதில் நடந்தவர்தான், வளர வளர வீல்சேருக்கு மாறி, வீல்சேர் ஓட்டத்தில் 11 பாராலிம்பிக் தங்கம் வாங்கினார் என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளையோட அம்மா என்ன சொன்னாளாம்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நான் தடியில்லாமல் சுவரைப் பிடித்து நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவின் அகலம் இரண்டு அடி. எந்த வீல்சேரும் அதில் நுழையாது. "நீ நடக்க வெச்சதாலதான் நம்ம ஊர்ல நான் ஒண்ணுக்குப் போக முடியுது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய உண்மை கிடையாது. நான் இன்றும் வாரம் நான்கு நாள் நிற்கும் பயிற்சியும் தொடைப் பயிற்சியும் செய்கிறேன். அழகாக நடப்பதற்காக இல்லை. இந்த நாட்டுக் கழிப்பறைக் கதவுக்காக, ஆட்டோவில் ஏறுவதற்காக, கல்யாண மேடையின் மூன்று படிக்காக. எங்களில் பலரும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்கவேண்டியவர்கள். ஐந்து மீட்டர் நடை கைவசம் இருந்தால் அது எந்த வீட்டிலும் முடியும். இல்லையென்றால் வெளியே கிளம்புமுன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம், அப்புறம் சிறுநீரகம் கெடும். பிசியோவிடம் "நல்லா நடக்கணும்" என்று கேட்பதைவிட "கழிப்பறைக் கதவிலிருந்து பீங்கான் வரை, திரும்பி உட்காரணும்" என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சியே மாறிவிடும்.

இனி வீல்சேர் வாங்கும் கதை. முதலில் கிடைத்தது ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் மடக்கு வண்டி. இருக்கை 18 அங்குலம், என் இடுப்பு 14. உள்ளே நான் மாட்டு வண்டியில் வைத்த பூசணிக்காய் மாதிரி உருண்டேன். ஆறு மாதத்தில் தோள்பட்டை வலி. காலைக் காப்பாற்றப் போய்த் தோளை இழப்பது முட்டாள்தனம், ஏனென்றால் எங்களுக்குத் தோள்தான் இன்னொரு கால். அளவெடுத்துச் செய்த வண்டி வந்தபின்தான் விஷயம் புரிந்தது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடம் போதும். பின் சக்கரம் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு லேசாக உருளும், கூடவே பின்னால் கவிழவும் பார்க்கும், பழகிக்கொள்ள வேண்டும். கையைச் சக்கரத்தின் உச்சியில் வைத்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். சாதாரண மெத்தை போதாது, அழுத்தத்தைப் பிரிக்கும் குஷன் வேண்டும், ஏனென்றால் உட்காரும் இடத்திலும் உணர்ச்சி குறைவு. அரைமணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து, இரண்டு நிமிஷம் பாரத்தை எடுக்கிறேன். அலுவலகத்தில் நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

பணம் பெரிய தடை, மறைக்கவில்லை. ஊனமுற்றோர் அட்டையை முதலில் எடுத்து வையுங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று எழுதியிருந்தால்தான் பெரும்பாலான சலுகை. கேலிப்பருக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுத் துறையைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு வீல்சேரில் இருந்தவர்தான், அதில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் ஊனமுற்றோருக்கான அமர் சேவா சங்கம் பக்கம். நானும் சின்ன வயதிலேயே அங்கே போயிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குச் சாய்தளம் கட்டும்போது கொத்தனாரிடம் "ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம்" என்று சொல்லுங்கள். ஏழு அங்குல வாசற்படிக்கு ஏழு அடி. எங்கள் ஊரில் மூன்று அடியில் முடித்துவிட்டு, "தள்ளிவிட ஆள் இருக்குல்ல?" என்றார் கொத்தனார்.

2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் தண்ணீர் வரை மரப்பாதை போட்டார்கள். சுமார் 263 மீட்டர். முதல் வாரமே போனேன். சென்னை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், மணலில் தடி புதைவதால் அலையை ரோட்டிலிருந்துதான் பார்த்திருந்தேன். அன்று யாரும் தூக்காமல், நானே உருட்டிக்கொண்டு, கடைசிப் பலகை வரை. அடுத்த வாரம் மாண்டஸ் புயல் வந்து பாதையைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். எனக்கு முந்திக்கொண்டதில் திருப்தி.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. பலமுறை ஆபரேஷன் ஆனதால் எங்களில் நிறையப் பேருக்கு ரப்பர் அலர்ஜி வரும். பலூன், கையுறை, ட்யூப் எல்லாவற்றிலும் அது இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். பிறந்தநாளுக்குக் காகிதத் தோரணம் போதும்.

வாட்ஸ்அப்பில் சிலர் கருவிலேயே ஆபரேஷன் செய்யும் செய்தியை அனுப்பி, "உனக்கு இது கிடைச்சிருந்தா" என்று வருத்தப்படுவார்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயிற்றுக்குள்ளேயே முதுகை மூடிய குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இரண்டரை வயதில் பிடிமானமின்றி நடந்தார்கள். பிறந்தபின் மூடியவர்களில் 21 சதவீதம். நல்ல செய்திதான். குறைப்பிரசவ ஆபத்தும் கூடவே உண்டு என்பதை ஃபார்வர்டு செய்பவர்கள் எழுதுவதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கேலிப்பர் வார் மாற்றப் போயிருந்தேன். பெஞ்சில் ஓர் இளம் தாய், மடியில் ஐந்து மாதக் குழந்தை, முதுகில் தழும்பு. என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இவ நடப்பாளா?"

"பெஞ்சுல மல்லாக்கப் போடும்மா" என்றேன். துணியை விலக்கிவிட்டு, உள்ளங்காலைத் தொட்டால் பலனில்லை என்பதால், தொடையின் உள்பக்கம் லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்டினேன். இடது கால் சட்டென்று முழங்காலை நீட்டி உதைத்தது. வலது கால் கொஞ்சம் யோசித்தது. மறுபடி மூட்டினேன். அதுவும் பாதி நீண்டது.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போனை எடு. தேதி சொல்லி வீடியோ எடு" என்றேன்.